"ஓடினா கெம்பஸ் கிடைக்குமா சேர்?" ஒரு கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவதா, டியூஷனுக்கு அனுப்புவதா என்று குழம்பும் வாப்பாமாரும் உம்மாமாரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை "சொஃப்ட்போல்" என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். ஒரு டெனிஸ் பந்து, ஒரு மட்டை, கடற்கரை மணல் அல்லது அறுவடை முடிந்த வயல். அதாவது மென்பந்து கிரிக்கெட். செலவு குறைந்த விளையாட்டு. பந்து கடலுக்குள் போனால்தான் நஷ்டம்.

அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அங்கே சொஃப்ட்போல் என்பது பேஸ்போலின் தங்கை. பெயரில்தான் மென்மை; பந்து கையில் பட்டால் தெரியும். அதை அதிகமாக விளையாடுவது பெண் பிள்ளைகள். இன்று அந்த விளையாட்டு பல அமெரிக்கக் குடும்பங்களின் பணப்பையைக் காலி செய்யும் விளையாட்டாகவும் மாறியிருக்கிறது. காரணம் பல்கலைக்கழகம். அந்தக் கதை நமக்கும் உதவும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

1887 நவம்பரில் சிக்காகோ நகரின் ஃபராகட் படகுக் கழகத்தில் சிலர் கூடியிருந்தார்கள். ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். யேல் வென்றது என்று செய்தி வந்ததும் ஒருவர் உற்சாகத்தில் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிந்தார். மற்றவர் ஒரு தடியால் அதை அடித்தார். அங்கிருந்த ஜோர்ஜ் ஹன்கொக் என்பவர் அந்தக் கையுறையையே பந்துபோலக் கட்டி, ஒரு விளையாட்டாக்கிவிட்டார். "சொஃப்ட்போல்" என்ற பெயர் 1926 இல்தான் வந்தது. பிறந்த அன்றே அந்த விளையாட்டோடு பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள்.

அடுத்த பெரிய திருப்பம் 1972. அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. விளையாட்டும் அதற்குள் அடங்கியது. அதற்கு முன்னர் அந்த நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாடிய மாணவிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. இப்போது 30 லட்சத்துக்கும் அதிகம். 1982 இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசிய சொஃப்ட்போல் சுற்றுப்போட்டியும் தொடங்கியது. நன்றாக விளையாடும் மாணவிகளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். ஒரு நியாயமான சட்டம் இலட்சக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது.

ஆனால் வாசல் ஒடுக்கமாகவே இருந்தது. மேல்நிலைப் பிரிவில் ஒரு சொஃப்ட்போல் அணிக்கு 2025 வரை 12 முழுப் புலமைப்பரிசில்கள்தான். அவற்றையும் துண்டு துண்டாக்கி இருபது பேரளவில் பங்கிட்டார்கள். உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாடுவோரில் நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கே பல்கலைக்கழக விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்கிறது என்று அங்குள்ள பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கமே சொல்கிறது.

அந்த 2 பேருக்குள் வர வேண்டுமானால் பல்கலைக்கழகப் பயிற்றுநரின் கண்ணில் பட வேண்டும். அதற்குப் பாடசாலை அணி போதாது என்றார்கள். தனியார் கழகங்கள் முளைத்தன. சனி, ஞாயிறு தோறும் ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் பயணம். கழகத்துக்குக் கட்டணம், தனிப் பயிற்சிக்குக் கட்டணம், ஹோட்டல், பெற்றோல், விமானச் சீட்டு. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவு. போட்டி எவ்வளவு முற்றியது என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே "இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருவேன்" என்று வாய்ப்பேச்சில் உறுதி கொடுக்கும் நிலை வந்தது. 2018 இல்தான் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். பிள்ளை 11 ஆம் வகுப்புக்கு வரும் ஆண்டின் செப்டம்பர் 1 வரை சொஃப்ட்போல் பயிற்றுநர்கள் இது பற்றி அவரோடு பேசக் கூடாது என்று விதித்தார்கள்.

வாசலைத் திறந்தது சட்டம். வாசலுக்கு முன்னால் கட்டணச் சாவடி போட்டது சந்தை. சாவடியைக் கடந்தவர்களில் திறமைசாலிகள் இருந்தார்கள். ஆனால் திறமை இருந்தும் காசில்லாத பிள்ளை சாவடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இப்போது நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் உருவானது. 1945 ஒக்டோபரில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கட்டணம் என்ற சுமை வாப்பாவின் தோளிலிருந்து பொதுத் திறைசேரிக்கு மாறியது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993 இல் சீருடைத் துணி இலவசமானது. இலவசக் கல்வியின் வரலாற்றை ஒரே வரியில் சொன்னால், செலவு வீட்டிலிருந்து பொதுவுக்கு நகர்ந்த வரலாறு அது. இந்தக் கரையோரத்தில் மீனவர் மகனும் நெசவாளி மகளும் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆனது அந்த நகர்வினால்தான்.

ஆனால் இங்கும் பல்கலைக்கழக வாசல் ஒடுக்கம். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது, 1974 இல் மாவட்ட அடிப்படை வந்தது. அது யாழ்ப்பாண மாணவர்கள் மீது பெரும் அநீதியாக விழுந்தது. அதன் விளைவை முழு நாடும் அனுபவித்தது. அதே ஏற்பாட்டால் அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழி கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு. அந்த 16 இல் அம்பாறையும் ஒன்று. 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் பெயரை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது.

இவ்வளவும் நடந்த பிறகும் வாசலுக்கு முன்னால் நாமும் ஒரு சாவடி கட்டினோம். அதன் பெயர் டியூஷன். அமெரிக்கத் தகப்பன் மைதானத்தில் கொட்டும் காசை நமது வாப்பா டியூஷன் வகுப்பில் கொட்டுகிறார். அங்கே பிள்ளையின் வார இறுதியை விளையாட்டு விழுங்குகிறது. இங்கே பிள்ளையின் விளையாட்டை வார இறுதி வகுப்பு விழுங்குகிறது. ஏ.எல் வகுப்புக்கு வந்ததும் நமது நல்ல ஓட்டக்காரர்களும் பந்துவீச்சாளர்களும் மைதானத்திலிருந்து மறைந்து போவதை உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மறையாமல் நிற்கும் சிலரின் வீட்டிலிருந்துதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. கடந்த வருடம் ஒரு வாப்பா என்னிடம் கேட்டார்: "சேர், இவன் மாகாணத்துக்குத் தெரிவாகி இருக்கான். ஓடினா கெம்பஸ் கிடைக்குமா? கிடைக்கும் என்றா கடன் பட்டாவது அனுப்புறன்."

அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்கிறேன்.

பாடவிதானத்துக்கு வெளியே தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் அது மிகச் சிறிய பங்கு. ஏ.எல் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கான ஆகக் குறைந்த தகைமை கட்டாயம் வேண்டும். மாகாணப் பதக்கம் மட்டும் போதாது. விளையாட்டு விஞ்ஞானம் படிக்க விரும்பினால் சப்ரகமுவ போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்விப் பாடநெறி இருக்கிறது. முப்படையும் பொலிசும் விளையாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இவை உண்மையான வழிகள். ஆனால் எதுவும் "ஓடினால் நிச்சயம்" என்ற வழி அல்ல. நிச்சயம் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

இனி அந்தக் கடனின் கணக்கு. கோட்டமட்டம், வலயமட்டம் வரை பிள்ளை ஊருக்குள்ளேயே ஓடிவிடும். மாகாணமட்டம் என்றால் வாகனம், சாப்பாடு, தங்குமிடம். தேசியமட்டம் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். மட்டக்களப்பிலிருந்து நமது ஊர்களையும் பொத்துவிலையும் தொட்டுக் கொழும்பு போகும் ஏ4 வீதியின் மொத்த நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. கல்முனைக்கு ரயில் இல்லை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. அந்த நெருக்கடியில் ஏறிய வேன் வாடகை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. ஆணிச் சப்பாத்து, முட்டை, பழம், காயப்பட்டால் மருந்து எல்லாம் தனிக் கணக்கு.

பெண் பிள்ளை என்றால் கணக்கு இன்னும் கூடும். கூட வரும் உம்மாவின் அல்லது ஆசிரியையின் செலவு, பாதுகாப்பான தங்குமிடம், ஒழுங்கான ஆடை. இவற்றைப் பாடசாலை ஏற்றுக்கொண்டால் பல பெற்றோர் மறுக்க மாட்டார்கள். "ஊர் என்ன சொல்லும்" என்று நாம் நினைக்கும் பல மறுப்புகளுக்குள் சொல்ல வெட்கப்படும் பணக்கஷ்டம் ஒளிந்திருக்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு மாறும் இடத்தில்தான் நமது பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். மட்டை, பேட், கையுறை, ஹெல்மட், நல்ல ஆடுகளம், பயிற்றுநர். லசித் மாலிங்கவும் ரத்கமவில் நமது பிள்ளைகள் போல மென்பந்து விளையாடி வளர்ந்தவர்தான். காலியில் ஒரு பாடசாலையும் சம்பக்க ராமநாயக்க போன்ற ஒரு பயிற்றுநரும் அவரைக் கடினப்பந்துக்குள் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கிலும் 2024 இல் ஐ.பி.எல்லிலும் விளையாடினார். அவர் யாழ் மத்திய கல்லூரி மாணவர். அந்தக் கல்லூரி சென்ஜோன்ஸ் கல்லூரியோடு மோதும் "வடக்கின் பெருஞ்சமர்" 1904 இல் தொடங்கியது. யுத்தம் நடந்த மண்ணிலும் அந்தப் பாடசாலைகள் மைதானத்தைக் கைவிடவில்லை. அவரது திறமைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பாடசாலையும் அதன் பழைய மாணவர்களும் போட்ட முதலீடு இருக்கிறது.

என் முடிவு இதுதான். விளையாட்டுச் செலவு இல்லாமல் வளராது. அந்தச் செலவை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. குடும்பம் மட்டும் சுமந்தால் சலித்து எடுக்கப்படுவது வசதி. பாடசாலையும் ஊரும் சுமந்தால் சலித்து எடுக்கப்படுவது திறமை. 1945 இல் கட்டணத்தையும், 1980 இல் புத்தகத்தையும், 1993 இல் சீருடையையும் வீட்டிலிருந்து பொதுவுக்கு நகர்த்தினோம். விளையாட்டுப் பிள்ளையின் பயணச் செலவை மட்டும் இன்னும் வீட்டுத் திண்ணையிலேயே விட்டு வைத்திருக்கிறோம்.

இதற்கு அரசாங்கம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மைதான விளக்குக்கும் சுற்றுப்போட்டிக் கிண்ணத்துக்கும் ஊரில் காசு சேர்கிறது. வெளிநாட்டில் உள்ள சகோதரர்கள் கேட்டதும் அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கை ஒவ்வொரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் "பயண நிதி" என்று தனியாக ஒதுக்கலாம். மாகாணத்துக்குத் தெரிவாகும் எந்தப் பிள்ளையின் வீட்டிலும் அந்த வாரம் கடன் பேச்சு எழக் கூடாது. பெண் பிள்ளைகளோடு செல்லும் ஆசிரியையின் செலவும் அதற்குள் வர வேண்டும். வரவு செலவைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஓடட்டும். உடம்புக்கு நல்லது, தோல்வியைத் தாங்கப் பழகும், போதைக்குப் போகாமல் இருக்க ஒரு வழியாகவும் இருக்கும். ஆனால் "கெம்பஸ் கிடைக்கும்" என்ற கணக்கில் காணி, நகையை அடகு வைக்காதீர்கள். அந்தக் கணக்கு பிள்ளையின் காலில் கட்டிய கல். ஓ.எல், ஏ.எல் இரண்டையும் கைவிடாமல் ஓடச் சொல்லுங்கள். மிச்சச் செலவைச் சுமப்பது எங்கள் எல்லோருடைய பொறுப்பு.

உங்கள் பாடசாலையில் இப்படி ஒரு நிதி ஏற்கனவே இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்ற ஊர்களும் படித்துக்கொள்ளட்டும்.