இரு கோடுகளும் ஒரு முக்காற்புள்ளியும்

1557-இல் வேல்சு நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு சமக்குறியை அச்சேற்றினார். இரண்டு இணைகோடுகளைப் போல் ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் காட்டிய காரணம். நான்கு நூற்றாண்டுகள் கழித்து நிரல்மொழிகள் அக்குறியைக் கையிலெடுத்தபோது அதன் பொருள் பிளவுண்டது.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்து மாறியில் இடுவதற்கு = குறியைப் பயன்படுத்தியது. கணிதத்தில் பொய்யாகிவிடும் 'எண் = எண் + 1' அங்கே முறையான கட்டளை. அன்று இதனால் தொல்லை எழவில்லை. முதல் ஃபோர்ட்ரானில் சமத்துவத்தைச் சோதிக்கும் குறியே கிடையாது. நிபந்தனைக் கூற்று, ஒரு கணக்கின் விடை சுழியத்திற்குக் கீழா, சுழியமா, மேலா என்று பார்த்து மூன்று வழிகளில் ஒன்றிற் செலுத்தும். 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கணினி வந்தபோது மாணவர்கள் பயின்றதும் ஃபோர்ட்ரானே.

அல்கால் வகுத்தோர் கணிதத்திற்கு மதிப்பளித்தனர். மாறியில் இடுவதற்கு := என்றும், ஒப்பிடுவதற்கு = என்றும் பிரித்தனர். 1970-இல் நிக்லாவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கலும் அவ்வழியே சென்றது. பிசிபிஎல் மொழியிலும் அதுவே வழக்கு. அதிலிருந்து 'பி' மொழியை உருவாக்கிய கென் தாம்சன் முக்காற்புள்ளியை நீக்கினார்: இடுவதற்கு =, ஒப்பிடுவதற்கு ==. மிகுதியாக எழுதப்படுவது சுருக்கமாக இருக்கட்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். தட்டச்சில் ஓர் எழுத்து மிச்சம். அதன் விலையைப் பின்வந்தோர் செலுத்தினர் என்றே சொல்லவேண்டும். டென்னிஸ் ரிட்சியின் 'சி' அம்மரபை உலகெங்கும் பரப்பிற்று.

பாஸ்கலிலோ பேசிக்கிலோ பழகிய கை, சி மொழியில் நிபந்தனைக்குள்ளும் ஒற்றைக் குறியையே இடும். சி மொழியில் இடுதலுக்கும் ஒரு மதிப்பு உண்டாதலால் தொகுப்பி அதைப் பிழையென்று தள்ளாது. சோதிக்க வந்த கூற்று மாறியையே மாற்றிவிட்டு ஓசையின்றிக் கடந்துபோகும்.

2003 நவம்பரில் இவ்வொற்றுமையை ஒருவர் ஆயுதமாக்க முயன்றார். லினக்ஸ் கருநிரலின் ஒரு நகலில் இரண்டு வரிகள் நுழைக்கப்பட்டிருந்தன. பயனர் எண் சுழியமா என்று சோதிப்பதுபோல் தோன்றிய அவ்விடத்தில் இருந்தது ஒற்றைச் சமக்குறி. குறிப்பிட்ட சில தெரிவுகளுடன் அழைத்தால் பயனர் எண் சுழியமாகிவிடும். சுழியம் என்பது கணினியின் முழு அதிகாரம். மூலக் களஞ்சியத்தோடு நகல் பொருந்தாததால் சூழ்ச்சி வெளிப்பட்டது. செய்தவர் யாரென இன்றளவும் அறியப்படவில்லை.

பைத்தான் மொழி நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறியை அனுமதிப்பதே இல்லை. ஆயினும் அவ்விடத்தில் மதிப்பை இடும் வசதி வேண்டுமெனச் சிலர் கோரினர். கடும் வாதத்திற்குப் பின் அம்முன்மொழிவை ஏற்ற கைடோ வான் ராசம், 2018 ஜூலையில் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு 3.8 பதிப்பில் அவ்வசதி இடம்பெற்றது. அதற்குத் தெரிந்தெடுத்த குறி, அல்காலின் பழைய := தான்.