நூறு ஃப்ராங்க் கணக்கு

நூறு ஸ்விஸ் ஃப்ராங்க். ஜூரிக்கில் இரண்டு பேர் ஓட்டலுக்குப் போனால் தீர்ந்துவிடும். 2005-ல் அங்குள்ள இ.டி.எச். பல்கலையில் பாடம் நடத்த வந்த ஜெர்மன் கணித மேதை பெர்ண்ட் ஸ்டர்ம்ஃபெல்ஸ், ஒரு கணக்கை முடிப்பவருக்கு அந்தத் தொகையைப் பரிசாக அறிவித்தார். மூன்று வருஷம் இழுத்தது.

கணக்கைக் கேளுங்கள். டயானா என்றொரு கற்பனைப் பெண். இரண்டு பாக்கெட், ஒவ்வொன்றிலும் இரண்டு பகடை. பகடைக்கு நாலு முகம், டி.என்.ஏ.வின் ஏ, சி, ஜி, டி. காசைச் சுண்டி, தலை விழுந்தால் இடது பாக்கெட், பூ விழுந்தால் வலது. இரு பகடையையும் உருட்டி, விழுந்த எழுத்துகளை மேலும் கீழுமாக எழுதுகிறாள். நாற்பது தடவை. எந்த பாக்கெட் என்று மட்டும் சொல்வதில்லை. ஏ-ஏ மாதிரி ஒரே எழுத்து ஜோடி ஒவ்வொன்றும் 4 முறை வந்தது, மற்ற ஜோடிகள் தலா 2 முறை. காசு, பகடை எல்லாமே கள்ளம். எது எந்தப் பக்கம் எவ்வளவு சாயும்?

கண்ணால் கண்ட விளைவுக்கு எந்த ஊகம் அதிகபட்ச வாய்ப்பு தருகிறதோ, அதை எடுத்துக்கொள் என்று 1922-லேயே வழி சொன்னவர் இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர். மூடுபனியில் மலை ஏறுகிற மாதிரி. மேடான திசையில் காலை வைத்துக்கொண்டே போக வேண்டியது. 1977-ல் வந்த இ.எம். என்ற கம்ப்யூட்டர் முறை செய்வதும் இதைத்தான். உச்சிக்கு வந்ததும் நின்றுவிடும். பக்கத்தில் அதைவிடப் பெரிய மலை இருந்தால்? அதற்குத் தெரியாது.

டயானா கணக்கில் சிக்கலே அதுதான். இரண்டு எழுத்து ஒரு பாக்கெட்டில் அதிகம் விழும், மற்ற இரண்டு அடுத்ததில் என்று வைத்தால் ஒரு சிகரம். மூன்றுக்கு ஒன்று என்று பிரித்தால் இன்னொன்று. உயர வித்தியாசம் ஐந்தாறு சதவிகிதம்தான்! முதல் வகைதான் உச்சம் என்பது ஸ்டர்ம்ஃபெல்ஸின் ஊகம். கம்ப்யூட்டரும் தலையாட்டியது. ஆனால் டிரையல் பாலன்ஸ் டாலி ஆனாலே கணக்கு சரி என்று ஆகிவிடாது, பி.காம். முதல் வருஷப் பாடம். நிரூபணம் வேண்டும். 2008-ல் மிங்ஃபு சூ, குவாங்ரான் ஜியாங், சூஹொங் காவோ மூவரும் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று வருஷம் காத்திருக்க முடியுமா? இங்கேதான் அல்ஜிப்ரா வடிவியல் வருகிறது. சிகரத்தில் சரிவு பூஜ்யம். அதைச் சமன்பாடுகளாக எழுதினால், மொத்தம் எத்தனை விடை என்று ஏறாமலேயே எண்ணலாம். எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒப்பிட்டால் எது உச்சம் என்பதில் சந்தேகமில்லை. டயானாவின் நாலுக்கு நாலு அட்டவணையில், பொதுவான எண்களைப் போட்டால் 191 விடை, கற்பனை எண்கள் உள்பட. ஹாவென்ஸ்டைன், ரோட்ரிகஸ் இருவரோடு ஸ்டர்ம்ஃபெல்ஸே 2014-ல் வெளியிட்ட கட்டுரையில் இது இருக்கிறது. அதே கட்டுரையில், அதே இரண்டு பாக்கெட், எழுத்து மட்டும் ஐந்து என்றால்? 6,776.