டீசல் எஞ்சினுக்கு ஸ்பிறே அடிக்கலாமா?

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அரியாலையில் லாண்ட்மாஸ்டர் மக்கர் பண்ணினால் எயார் கிளீனருக்குள் ஸ்பிறே அடிப்பவர்களை இன்றும் காண்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. மண்ணெண்ணெய் மெசினில் புளக் பொறி தரும் நேரத்தில்தான் எரிபொருள் பற்றும். டீசல் எஞ்சினில் புளக் இல்லை. நெருக்கிய காற்றின் சூட்டில், டீசல் பீச்சப்படும்போது எரிகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிறேயில் உள்ள ஈதரோ ஏறக்குறைய 160 பாகை செல்சியஸில் தானாகவே பற்றும். பிஸ்டன் மேலே வந்து சேருமுன் வெடித்து, அதைத் திருப்பித் தள்ளும். றிங் உடையும், றொட் வளையும். ஹீற்றர் புளக் உள்ள எஞ்சினென்றால் நெருப்பு வெளியே அடித்து முகத்தையும் சுடலாம். இடம்பெயர்ந்து திரும்பி, லீசிங்கில் எடுத்த லாண்ட்மாஸ்டர் விதைப்பு நேரத்தில் படுத்தால் அந்தப் போகமே போய்விடும்.

இந்த ஸ்பிறே பனி உறையும் நாடுகளின் தேவைக்கு வந்தது. எங்கள் மார்கழிக் குளிருக்கு நல்ல டீசல் எஞ்சின் ஒன்று அசையாமல் நிற்காது. நின்றால் நோய் வேறு: டீசல் குழாயில் காற்று, அடைத்த பில்டர், பழுதான இஞ்செக்டர், தேய்ந்த றிங். முதலில் காற்றை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

நிறுத்துவதிலும் ஸ்பிறே ஆபத்து. தேய்ந்த எஞ்சின் தன் ஒயிலையே குடித்து, டீசலை அடைத்தாலும் நிற்காமல் வேகமெடுப்பதுண்டு. அப்போது எண்ணெய் ஸ்பிறே அடிப்பது அதற்குத் தீனி போடுவதாகும். காற்றை நிறுத்துவதே வழி. உள்ளெடுக்கும் வாயைத் தடித்த பலகையால் மூடுங்கள். கையாலோ துணியாலோ வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் இருந்தால் அந்த வாய்க்குள் அடிக்கலாம். கிட்டப் போக முடியாத அளவுக்கு வேகமெடுத்துவிட்டால் விட்டு விலகுங்கள். பறக்கும் சில்லுக்கு நேராக ஒருவரும் நிற்கக்கூடாது.

நின்ற பிறகு எயார் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். கோட்டுக்கு மேல் ஒயில் விட்டிருந்தாலும் இதே கூத்துத்தான் நடக்கும்.