யூகிப் கட்சியின் எழுச்சியும் கரைவும்: பிரிட்டனில் எதிர்ப்பு வாக்கின் வரலாறு

1951 பொதுத்தேர்தலில் வாக்களித்த பிரிட்டிஷ் மக்களில் நூற்றுக்கு 97 பேர் கன்சர்வேட்டிவ் கட்சியையோ தொழிற்கட்சியையோ தேர்ந்தெடுத்தனர். 2010 தேர்தலில் அந்த இரு கட்சிகளின் கூட்டுப் பங்கு 65 சதவீதமாகச் சரிந்திருந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் கழன்றுபோன வாக்குகள் ஒரே பக்கம் போய்ச் சேரவில்லை. ஒரு பங்கு லிபரல்களிடம் போனது. ஒரு பங்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ் தேசியக் கட்சிகளிடம் போனது. பலர் வாக்குச்சாவடிக்கு வருவதையே விட்டுவிட்டனர். 2001 இல் பதிவான வாக்கு 59 சதவீதம்தான். 1918க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி, சுருக்கமாக யூகிப், வேர்விட்டது இந்தத் தரிசில். பொதுத்தேர்தலில் ஒரே ஒரு தொகுதிக்கு மேல் அது வென்றதில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டன் வகித்த ஐரோப்பிய உறுப்புரிமை முடிவுக்கு வந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. தான் வெல்லும் திறனைவிடப் பிறரைத் தோற்கடிக்கும் திறனே அக்கட்சிக்குப் பலம் தந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டனில் புதுக்கட்சிகள் தழைப்பது அரிது. தொகுதியில் முதலிடம் பிடிப்பவரே உறுப்பினர். இரண்டாம் இடத்துக்கு மதிப்பில்லை. 1981 இல் தொழிற்கட்சியிலிருந்து பிரிந்த சமூக ஜனநாயகக் கட்சி, லிபரல்களுடன் கூட்டுச் சேர்ந்து 1983 இல் 25.4 சதவீத வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடங்கள் 23. அதைவிட இரண்டு சதவீதமே கூடுதலாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள். 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி 15 சதவீத வாக்குகளைத் திரட்டியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. அந்த அலை அடுத்த பொதுத்தேர்தலுக்குள் அடங்கிவிட்டது. அதிருப்திக்குப் பஞ்சமில்லை. அதைத் தேக்கி வைக்க ஓர் அமைப்பும், அந்த அமைப்பு உயிர்வாழப் பணமும், செய்திகளில் ஓர் இடமும் இல்லாததே முந்தைய முயற்சிகளின் குறை.

யூகிப்பின் தோற்றத்துக்கும் மக்கள் அதிருப்திக்கும் தொடக்கத்தில் தொடர்பு குறைவு. அது அறிவாளர் வட்டத்தில் பிறந்த கட்சி. 1975 பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதத்தினர் ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்க ஒப்புதல் தந்தபின், அக்கேள்வி முடிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1988 செப்டம்பரில் பிரதமர் மார்கரெட் தாட்சர் புரூஜ் நகரில் ஆற்றிய உரை அதை மீண்டும் திறந்தது. 1992 பிப்ரவரியில் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பொது நாணயத்துக்கும் அரசியல் ஒன்றியத்துக்கும் வழிவகுத்தபோது, கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே கலகம் மூண்டது. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் வரலாற்றாசிரியரும் முன்னாள் லிபரல் வேட்பாளருமான ஆலன் ஸ்கெட், அதற்கு முன்பே, 1991 இல், கூட்டாட்சி எதிர்ப்புக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். 1992 தேர்தலில் பாத் தொகுதியில் நின்ற அவருக்குக் கிடைத்தவை 117 வாக்குகள். அடுத்த ஆண்டு அக்கழகம் யூகிப் என்று பெயர் மாறியது.

தொடக்ககால யூகிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. லண்டன் உலோகச் சந்தையில் தரகராக இருந்த நைஜல் ஃபராஜ், மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை வெறுத்துக் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து விலகியவர். யூகிப்பின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். 1994 ஈஸ்ட்லி இடைத்தேர்தலில் அவர் பெற்றவை 952 வாக்குகள். வேடிக்கைக் கட்சியான மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சியின் வேட்பாளரைவிட நூற்றைம்பதுக்குச் சற்றே அதிகம். 1997 பொதுத்தேர்தலில் ஐரோப்பிய எதிர்ப்பு வாக்குகளைக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித்தின் பொதுவாக்கெடுப்புக் கட்சி வாரிக்கொண்டது. அது எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற, யூகிப்புக்குக் கிடைத்தது 0.3 சதவீதம். சாலிஸ்பரியில் நின்ற ஃபராஜைத் தவிர அதன் வேட்பாளர்கள் அனைவரும் டெபாசிட் இழந்தனர். சில வாரங்களில் கோல்ட்ஸ்மித் மறைந்தார். அவர் கட்சியும் கலைந்தது. அதன் தொண்டர்களில் ஒரு பகுதியினர் யூகிப்பில் சேர்ந்தனர். ஸ்கெட்டோ தாம் தொடங்கிய கட்சியைவிட்டு விலகி, பின்னாளில் அதன் கடுமையான விமர்சகர் ஆனார்.

அவருடைய விலகலோடு ஒரு கொள்கையும் போயிற்று. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அங்கே அமர்வதில்லை என்பது ஸ்கெட் காலத்து நிலைப்பாடு. அது கைவிடப்பட்டது தற்செயலாகச் சரியான தருணம். டோனி பிளேரின் அரசு 1999 ஐரோப்பியத் தேர்தலுக்கு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 24 சதவீதத்தினரே வாக்களித்த அத்தேர்தலில் ஏழு சதவீதம் பெற்ற யூகிப்புக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. மூவரில் ஒருவர் ஃபராஜ். உறுப்பினர் ஊதியம், அலுவலகச் செலவு, உதவியாளர்களுக்கான நிதி, தொலைக்காட்சி விவாதங்களில் நாற்காலி எல்லாம் அதன்வழி வந்தன. ஒழிக்க வேண்டும் என்று சொன்ன நிறுவனமே அக்கட்சிக்குச் சோறு போட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் அத்தேர்தலில் ஆட்சி யாருக்கு என்ற கேள்வி இல்லாததால், கோபத்தைக் காட்ட மக்கள் அதை அச்சமின்றிப் பயன்படுத்தினர். 1999க்குப் பிந்தைய யூகிப்பின் வரலாறு இந்த ஐந்தாண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. 2004 இல், தொலைக்காட்சிப் பிரபலம் ராபர்ட் கில்ராய்-சில்க் துணையுடன், 16 சதவீத வாக்கும் 12 இடங்களும் பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தது. தலைமைப் பதவி கிடைக்காத கில்ராய்-சில்க் அடுத்த ஆண்டே வேறு கட்சி கண்டார். 2005 பொதுத்தேர்தலில் யூகிப்பின் பங்கு 2.2 சதவீதத்துக்குச் சுருங்கியது.

ஐரோப்பா என்ற சொல் சாதாரண வாக்காளரைத் தொடத் தொடங்கியதற்கு மாஸ்ட்ரிக்டைவிட 2004 மே மாதமே காரணம். போலந்து உள்ளிட்ட எட்டுக் கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பிரிட்டனும் அயர்லாந்தும் சுவீடனும் மட்டுமே தம் வேலைச்சந்தையை உடனடியாகத் திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை நிகரமாக வரக்கூடும் என்று உள்துறைக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு முன்பு மதிப்பிட்டிருந்தது. பிற பெரிய நாடுகளும் கதவைத் திறக்கும் என்ற அனுமானத்தில் எழுந்த கணக்கு அது, ஜெர்மனி திறக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்ந்த போலந்தில் பிறந்தோர் 2001 இல் சுமார் 58,000. 2011 கணக்கெடுப்பில் 5 லட்சத்து 79 ஆயிரம். லிங்கன்ஷயரின் பாஸ்டன் போன்ற, காய்கறி வயல்களையும் பொதியிடும் ஆலைகளையும் நம்பிய சிறு நகரங்களில் பத்தாண்டுக்குள் பத்தில் ஒருவர் புதிய உறுப்பு நாடுகளிலிருந்து வந்தவர் என்ற நிலை உருவாயிற்று. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று யூகிப் சொன்னதும், சட்ட நுணுக்கமாக இருந்த இறைமைக் கேள்வி தெருவோரக் கேள்வியாக மாறிவிட்டது.

2009 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை டெய்லி டெலிகிராஃப் நாளேடு நாள்தோறும் வெளியிட்டது. வீட்டைச் சுற்றிய அகழியைத் தூய்மை செய்த செலவும், குளத்து வாத்துகளுக்கான மிதக்கும் கூடும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவைத் தலைவர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. 1695க்குப் பிறகு அப்பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவரே. அடுத்த மாதம் நடந்த ஐரோப்பியத் தேர்தலில் யூகிப் ஆளும் தொழிற்கட்சியை முந்தி இரண்டாம் இடம் பிடித்தது. இதைப் பெரும் பாய்ச்சல் என்று எழுதுவது வழக்கம். ஆனால் அதன் வாக்கு எண்ணிக்கை 2004 இல் பெற்றதைவிடச் சற்றுக் குறைவு. தொழிற்கட்சி 16 சதவீதத்துக்கும் கீழே விழுந்ததால்தான் யூகிப் உயரத்தில் தெரிந்தது.

உண்மையான பாய்ச்சல் 2010க்குப் பிறகே நிகழ்ந்தது. ஈராக் போரை எதிர்த்தும் கல்விக் கட்டணத்தை எதிர்த்தும் எதிர்ப்பு வாக்குகளைச் சேர்த்துவந்த லிபரல் டெமாக்ரட் கட்சி, அவ்வாண்டு கன்சர்வேட்டிவ்களுடன் கூட்டணி அரசில் அமர்ந்தது. பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தபோது அக்கட்சியின் நற்பெயர் போனது. மூன்று கட்சிகளும் ஆட்சியின் சுவையறிந்தவை என்றான பிறகு, யாரும் வேண்டாம் என்போருக்கு இருந்த இடம் காலியாயிற்று. அதே வேளையில் பிரதமர் டேவிட் கேமரன் தம் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தாராளமய முகம் தர முயன்றார். ஒருபாலினத் திருமணச் சட்டம் ஊர்ப்புறக் கன்சர்வேட்டிவ்களை உறுத்தியது. யூகிப்பினரைக் கிறுக்கர்கள் என்றும் மறைமுக இனவாதிகள் என்றும் 2006 இல் அவர் ஏளனம் செய்திருந்தார். அந்த ஏளனம் அக்கட்சியின் வாக்காளருக்குத் தங்களைப் பற்றியதாகவே கேட்டது. நிகரக் குடியேற்றத்தை ஆண்டுக்குப் பல்லாயிரம் என்ற அளவுக்குக் கொண்டுவருவோம் என்ற அவருடைய வாக்குறுதியும் பொய்த்தது; 2014 இல் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது.

யூகிப்பின் வாக்காளர் யார் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்திருக்கவில்லை. ராபர்ட் ஃபோர்டும் மேத்யூ குட்வினும் 2014 இல் வெளியிட்ட நூல், முதியவரும் வெள்ளையரும் உயர்கல்வி பெறாதவருமான உழைக்கும் மக்கள், நாட்டின் மாற்றத்தில் பின்தள்ளப்பட்டவர்கள், இக்கட்சியின் அடித்தளம் என்றது. வசதியான தென்பகுதிக் கன்சர்வேட்டிவ்களே எண்ணிக்கையில் கணிசமானவர்கள் என்று பிறர் மறுத்தனர். இரண்டு கூற்றுகளும் வெவ்வேறு காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துவன என்று கொள்வதே தகும். வரைபடம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: 2014 இல் கிழக்கு இங்கிலாந்தில் 34 சதவீதம் பெற்ற கட்சி, குடியேறியோர் மிகுந்த லண்டனில் ஏறத்தாழ 17 சதவீதமே பெற்றது. அயலார் எவ்வளவு பேர் என்பதைக் காட்டிலும் ஊர் எவ்வளவு வேகமாக மாறியது என்பதே வாக்கைத் தீர்மானித்தது. ஸ்காட்லாந்திலோ வெஸ்ட்மின்ஸ்டர் மீதான கசப்பை ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி எடுத்துக்கொண்டது. யூகிப் அடிப்படையில் இங்கிலாந்தின் கட்சியாகவே நின்றது.

2013 பிப்ரவரியில் மீண்டும் ஈஸ்ட்லியில் இடைத்தேர்தல். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஃபராஜ் 952 வாக்குகள் வாங்கிய அதே தொகுதியில் யூகிப் 28 சதவீதத்துடன் கன்சர்வேட்டிவ்களை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 147 கவுன்சிலர்கள் கிடைத்தனர். 2014 ஐரோப்பியத் தேர்தலில் 24 இடங்களுடன் அது முதலிடம் பெற்றது. நாடு தழுவிய தேர்தலொன்றில் இரு பெருங்கட்சிகள் அல்லாத ஒரு கட்சி முதலிடம் பிடித்தது நூறாண்டுகளில் அதுவே முதல்முறை. கட்சி மாறிப் பதவி துறந்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் டக்ளஸ் கார்ஸ்வெல், அக்டோபரில் நடந்த கிளாக்டன் இடைத்தேர்தலில் ஏறத்தாழ 60 சதவீத வாக்குகளுடன் வென்றார். அதே நாளில் வடக்கே ஹேவுட்-மிடில்டன் தொகுதியைத் தொழிற்கட்சி 617 வாக்குகளில்தான் காப்பாற்றிக்கொண்டது. நவம்பரில், அதேபோல் கட்சி மாறிய மார்க் ரெக்லெஸ் ரோச்செஸ்டரில் வென்றார்.

இந்த வெற்றிகளுக்கு முன்பே யூகிப் தன் முக்கியமான பலனை அறுவடை செய்துவிட்டது. 2013 ஜனவரியில் புளூம்பெர்க் அலுவலகத்தில் ஆற்றிய உரையில், அடுத்த தேர்தலில் வென்றால் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகக் கேமரன் அறிவித்தார். கட்சிக்குள்ளிருந்த கலகக்காரர்களின் நெருக்கடி அதற்கு ஒரு காரணம். யூகிப் சில ஆயிரம் வாக்குகளைப் பிரித்தாலும் இழுபறித் தொகுதிகள் கைவிட்டுப்போகும் என்று அந்த உறுப்பினர்கள் அஞ்சியது இன்னொரு காரணம். சிறு கட்சிகளை அவைக்கு வெளியே நிறுத்தும் தேர்தல் முறை, உள்ளே இருப்போரைச் சிறு கட்சிகளுக்கு அஞ்ச வைக்கவும் செய்கிறது. 2015 தேர்தல் முடிவு இதை எண்களில் காட்டியது. யூகிப் 38 லட்சத்து 81 ஆயிரம் வாக்குகளை, அதாவது 12.6 சதவீதத்தை, பெற்று வென்றது கிளாக்டன் ஒன்றே. இரண்டாம் இடம் பெற்ற தொகுதிகள் 120. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 4.7 சதவீதத்தில் 56 இடங்களை அள்ளியது. தெற்கு தானெட்டில் ஃபராஜைத் தோற்கடித்த கிரெய்க் மெக்கின்லே, யூகிப்பின் பழைய துணைத் தலைவர்.

தேர்தலில் வென்ற கேமரன் வாக்குறுதிப்படி நடத்திய 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலை ஆதரித்தனர். அதிகாரபூர்வப் பிரசார உரிமை யூகிப் சார்ந்த அணிக்குக் கிடைக்கவில்லை. கன்சர்வேட்டிவ்கள் வழிநடத்திய அமைப்புக்கே தேர்தல் ஆணையம் அதை வழங்கியது. நடுநிலை வாக்காளரை ஃபராஜ் விரட்டிவிடுவார் என்று அவ்வமைப்பினர் கருதினர். இரு அணிகளும் தனித்தனியே இயங்கியது விலகல் தரப்புக்கு நன்மையாகவே முடிந்தது எனலாம்: ஒன்று சட்டத்தையும் செலவையும் பேசியது, மற்றொன்று எல்லையையும் குடியேற்றத்தையும் பேசியது. பாஸ்டனில் 75.6 சதவீதத்தினர் விலகலுக்கு வாக்களித்தனர். நாட்டிலேயே அதுதான் மிக அதிகம்.

வெற்றி கட்சியைக் கொன்றது. ஃபராஜ் ஜூலையில் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அடுத்து வந்த டயான் ஜேம்ஸ் 18 நாளில் விலகினார். 2017 தேர்தலில் பங்கு 1.8 சதவீதமானது. ஜெரார்ட் பேட்டன் தலைமையில் கட்சி இஸ்லாமிய எதிர்ப்புத் தீவிரத்தை நோக்கிச் சாய்ந்தபோது, 2018 டிசம்பரில் ஃபராஜ் உறுப்பினர் அட்டையையே துறந்தார். ஆனால் அதிருப்தி கரையவில்லை. விலகல் தாமதமானதும் 2019 மே மாதம் அவருடைய புதிய பிரெக்ஸிட் கட்சி ஐரோப்பியத் தேர்தலில் 29 இடங்களுடன் முதலிடம் பெற்றது. ஆளும் கன்சர்வேட்டிவ்கள் ஐந்தாம் இடத்துக்குப் போயினர். பிரதமர் தெரசா மே அந்தக் கிழமையே பதவி விலகலை அறிவித்தார். டிசம்பர் பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ்கள் வென்றிருந்த 317 தொகுதிகளிலிருந்து பிரெக்ஸிட் கட்சி ஒதுங்கி, புதிய பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு வழிவிட்டது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. ஓராண்டுக்குள் பிரெக்ஸிட் கட்சி ரிஃபார்ம் யூகே என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஜூலைத் தேர்தலில் அது 14.3 சதவீத வாக்குகளையும் ஐந்து இடங்களையும் பெற்றது. ஏழு முறை காமன்ஸ் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்ற ஃபராஜ் எட்டாவது முயற்சியில் கிளாக்டனிலிருந்து உறுப்பினரானார். ஐரோப்பிய உறுப்புரிமை முடிந்துவிட்ட நிலையிலும் அந்த வாக்கு வளர்ந்தது, அது தொடக்கத்திலிருந்தே ஐரோப்பாவைப் பற்றியது மட்டும் அல்ல என்பதற்குச் சான்று. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 இடங்களையும் பத்து உள்ளாட்சி மன்றங்களையும் கைப்பற்றியது. அதே நாளில் நடந்த ரன்கார்ன்-ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் தொழிற்கட்சியை ஆறு வாக்குகளில் வென்றது.