பூவோடு சேர்ந்த செம்பு

என் பேரன் இயற்பியல் படிக்கிறான். போன வாரம் ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைக் கொண்டுவந்து, "தாத்தா, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்றான். 'எஃபே த ப்ராக்சிமிதே'. அருகாமை விளைவு. புதுச்சேரியில் சிறுவயதில் படித்த பிரெஞ்சு, எழுபது வயதுக்கு மேல் வீட்டிலேயே உதவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பிறகு அவன் சொன்ன கதையில் நான் மாணவனாகிவிட்டேன்.

1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைக் குளிரவைத்தார். ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரியில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. அதுதான் மீக்கடத்தல். எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து போவதால்தான் இது நடக்கிறது என்பதை 1957-இல் பார்தீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள்.

செம்புக்கு இந்தக் குணம் கிடையாது. ஆனால் மீக்கடத்தியோடு ஒட்டிவைத்தால், ஜோடிகள் எல்லை தாண்டிச் செம்புக்குள்ளும் சிறிது தூரம் வருகின்றன. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அதுபோல. பாரிசுக்கு அருகே ஓர்சேயில் பணியாற்றிய தெ ஜென் 1964-இல் இந்த எல்லை விஷயத்தை விரிவாக எழுதினார். அவருக்கு 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது திரவப் படிகம், பாலிமர் ஆய்வுகளுக்காக.

எனக்கு ஒரு சந்தேகம். மாசும் குறையும் நிறைந்த மெல்லிய கம்பியில் எலெக்ட்ரான் அடிக்கடி மோதித் திசைமாறுமே, ஜோடி பிரியாதா? பேரன் சிரித்தான். அசையாத மாசில் மோதினால் வழிதான் மாறும், ஆற்றல் மாறாது; ஒத்திசைவு உடனே குலையாது. அதைக் குலைப்பது சூடு. வில்லியனூர் தேர்க் கூட்டத்தில் இடிபட்டாலும் அண்ணன் கையை நான் விடாமல் நடந்தது நினைவுக்கு வந்தது.

இத்தகைய கம்பிகளுக்கான சமன்பாட்டை உசாதெல் 1970-இல் தந்தார். 1996-இல் பிரான்சின் சக்லே ஆய்வகக் குழு, அலுமினியத்தைத் தொட்ட நுண்ணிய செம்புக் கம்பியில், எல்லையிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் அளந்து பார்த்தது. தள்ளிப்போகப் போக விளைவு தேய்ந்தது. கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போனது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான தூரத்துக்குள் நடக்கிற சங்கதி இது!

அந்தக் குழுவில் இருந்த மிஷேல் தெவொரே, வேறொரு குவாண்டம் ஆய்வுக்காக 2025 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குமாஸ்தா வேலையில் எத்தனையோ ஆண்டுகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் இருக்கும் செம்புக்கம்பியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. சேர்க்கை மனிதரை மட்டும்தான் மாற்றும் என்று நினைத்திருந்தேன்.