மாண்டிங்கோ: சந்தைக்கு வந்த உடல்கள்

1975இல் ரிச்சர்ட் ஃப்ளைஷரின் இயக்கத்தில் 'மாண்டிங்கோ' வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்களில் பெரும்பாலோர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ரோஜர் ஈபர்ட் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. படமோ நன்றாக ஓடியது. மறு வருஷமே 'டிரம்' என்று ஒரு தொடர்ச்சியும் வந்தது. ரசனை ஒரு பக்கம், வசூல் ஒரு பக்கம் என்று விவகாரம் இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1976இல் இங்கிலாந்தின் 'மூவி' இதழில் ஆண்ட்ரூ பிரிட்டன் இதைத் தீவிரமான படைப்பாகக் கொண்டு எழுதினார். பின்னாளில் ராபின் வுட்டும் அவர் பக்கம் நின்றார்.

மூலம், கைல் ஆன்ஸ்டாட்டின் 1957ஆம் வருஷத்து நாவல். உள்நாட்டுப் போருக்கு முந்தைய தெற்கில், அடிமைகளைப் பெருக்கி விற்கும் ஒரு பண்ணை. கிழ எஜமானன் (ஜேம்ஸ் மேசன்) தன் வாதநோய் இறங்கிவிடும் என்று நம்பி ஓர் அடிமைச் சிறுவனின் உடம்பின்மேல் பாதங்களை வைத்து உட்கார்ந்திருக்கிறான். காமிரா இதற்கு அதிர்ச்சி அடைவதில்லை. வீட்டுச் சாமான்களில் ஒன்றைக் காட்டுவதுபோலக் காட்டுகிறது. 1939இன் 'கான் வித் த விண்ட்' எந்த மாளிகைகளுக்காக நம்மை ஏங்க வைத்ததோ, அவை இங்கே அழுக்கேறி வெறிச்சென்று கிடக்கின்றன. மகன் ஹாமண்ட் 'நல்ல' எஜமானன். மனைவிக்குக் கறுப்புக் குழந்தை பிறந்ததும் அவளை விஷம் வைத்துக் கொல்பவனும், அடிமை மீடைக் கொதிக்கும் கொப்பரையில் தள்ளுபவனும் அவனே. சொத்துரிமை இருக்கும் இடத்தில் நற்குணத்துக்கு என்ன மதிப்பு என்று படம் கேட்கிறது. நாசூக்கான பழைய படம் இதைக் கேட்கவில்லை.

இருந்தும், பிரிட்டனின் கட்சி சுலபமாகக் கடந்துவிட முடியாத ஒன்று உண்டு. மீடாக நடித்த கென் நார்ட்டன் குத்துச்சண்டைக்காரர். 1973இல் முகமது அலியைத் தோற்கடித்தவர். கதையில் மீடை விலைக்கு வாங்குவது சண்டைக்காக. வாங்குபவன் அந்த உடலைத் தடவிப் பார்க்கும் கண்ணுக்கும், டிக்கெட் வாங்கியவன் திரையில் அதைப் பார்க்கும் கண்ணுக்கும் தூரம் அதிகமில்லை. சுவரொட்டி வாக்களித்ததும் அந்தப் பார்வையைத்தான். மீடும் எல்லனும் தம் குரலில் பேசக் கிடைக்கும் இடம் சொற்பம்.

ஆகவே, படத்தை வெறுத்தவர்களின் அருவருப்பு பொய்யல்ல. ஆனால் அந்த அருவருப்பு 1939இன் படத்தின்மேல் எழாமல் போனதேன் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பிரிட்டன் யோசித்தார். அதனால்தான், அவரோடு முழுக்க உடன்படாத போதும், அவர் கட்டுரை நமக்கு வேண்டியிருக்கிறது.