வாங்குவோரும் வரலாறும் – வன்னிக் கடைகளை முன்வைத்து ஒரு நோக்கு

கடைக்கு வருவோரின் நடத்தையை ஒதுங்கி நின்று நோக்கிக் குறித்துக்கொள்வது சந்தைப்படுத்தல் ஆய்வு முறைகளுள் ஒன்றாகும். வாடிக்கையாளர் எப்பக்கம் திரும்புகிறார், எந்த இறாக்கையின் முன் தரித்து நிற்கிறார், எப்பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைக்கிறார் என்பன மாணவரின் குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன. இம்முறையை வன்னிப் பெருநிலப்பரப்பில் கையாளுவோர் மனங்கொள்ள வேண்டிய வரலாற்றுப் பின்னணியை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறைக்கு அடிப்படையாக அமைவது, வாங்குபவர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கடையாகும். 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி என்னும் கடை இதற்கு முன்னோடியாகும். அதுவரை வாங்குபவர் மேசைக்கு இப்பால் நிற்க, கடைக்காரரே பொருளை எடுத்துக் கொடுத்தார். தொட்டுப் பார்த்து, ஒப்பிட்டுத் தெரியும் உரிமை கிடைத்த பின்னரே வாங்குவோரின் நடமாட்டம் ஆய்வுப் பொருளாயிற்று. இலங்கையில் காகில்ஸ் நிறுவனம் தனது முதலாவது ஃபுட் சிற்றியை 1983 இல் கொழும்பில் திறந்தது. அதே ஆண்டின் ஆடி வன்செயலில் உடைமை இழந்தோர் பலர் வன்னியை நாடி வந்தனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வன்னியில் கடை வேறொரு வழியில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருகின. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மக்கள் அவற்றின் கடைகளைச் 'சங்கக்கடை' என்றே வழங்கினர். 1966 இன் இறுதியில் வாராந்தக் கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு இலவசமாக்கப்பட்டது. 1979 இல் உணவு முத்திரை முறை வந்தது. கூப்பன் காலத்தில், "எதை வாங்குவது?" என்பதைவிட, "சாமான் வந்துவிட்டதா?" என்பதே வாங்குவோரின் முதற் கேள்வியாக இருந்தது.

வேளாண்மையும் கடையோடு பிணைந்திருந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய், வெங்காயச் செய்கை இலாபம் தந்தது; 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அந்நிலையைக் குலைத்தது. மாரியில் விதைத்து மாசி, பங்குனியில் அறுவடை செய்யும் குடும்பம், இடைப்பட்ட மாதங்களில் ஊர்க்கடைக் கொப்பியில் கடன் எழுதியே வாழ்ந்தது. பேரங்காடியில் அத்தகைய கொப்பி இல்லை. எனவே, கார்த்திகையில் குறித்த ஆய்வும் பங்குனியில் குறித்த ஆய்வும் ஒரே முடிவைத் தருமென எதிர்பார்ப்பது பொருந்தாது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான சுவடு பதித்தது பொருளாதாரத் தடையாகும். 1990களில் எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலியன வன்னிக்குச் செல்வது தடுக்கப்பட்டது அல்லது மட்டுப்படுத்தப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்கான உலர் உணவு சங்கக்கடைகளூடாகவே வழங்கப்பட்டது. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட, பொருள்கள் மீண்டும் வந்தன. 2006 இல் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே பேரங்காடிகளும் தவணைக்கட்டண நிறுவனங்களும் இந்நகரங்களில் பெருகத் தொடங்கின.

இவ்வரலாற்றை அறியாத நோக்குநர், தேவைக்கு மேல் அரிசியும் சவர்க்காரமும் வாங்கும் ஒருவரை 'விளம்பரத்தால் கவரப்பட்டவர்' எனக் குறிக்கக்கூடும். அவர் ஒரு பஞ்சத்தை நினைவிற் கொண்டு வாங்குபவராகவும் இருக்கலாம். இறாக்கையின் முன் நின்றும் எதையும் தொடாத மூதாட்டியை 'ஆர்வமற்றவர்' எனக் குறிக்கக்கூடும். எடுத்துத் தரும்வரை காத்திருப்பதே அவர் பழகிய கடை ஒழுக்கமாக இருக்கலாம். கண்ணாற் காண்பது செயலை மட்டுமே. அதன் காரணத்தை உரையாடியே அறிதல் வேண்டும்.

மேலும் ஒன்று உண்டு. ஓமந்தை முதலிய சோதனைச் சாவடிகளில் பொதியைத் திறந்துகாட்டிக் கடந்து வந்தோர் இம்மக்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று, கூடையில் உள்ளதை எழுதிக்கொள்ளும் அந்நியர் வெறும் மாணவராகத் தோன்றார். ஆதலின் கடை உரிமையாளரின் அனுமதியோடு நின்றுவிடாது, வாங்குவோருக்கும் தம்மை அறிமுகஞ்செய்து, நோக்கத்தைக் கூறி, இசைவு பெற்றே ஆய்வு தொடங்கப்படல் வேண்டும். அதனால் அவர்களின் இயல்பான நடத்தை சிறிது மாறலாம். தரவின் தூய்மையும் சிறிது குறையலாம். ஆயினும் வன்னியில் அவ்விலையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது எமது துணிபு.